பெடலே இல்லாமல் பிறந்த பாட்டு, பெடலில் பிடிபடுமா? ‘ஸ்லீப் வாக்’ இசையும் ஸ்டீல் கிதார் கணக்கும்

பேரு தெரியாது. வாசித்தவர் யாருன்னும் தெரியாது. ஆனால் காதில் விழுந்த முதல் இரண்டு நொடியிலேயே ‘அட, இதை எங்கேயோ கேட்டிருக்கோமே’ என்று தோன்றும். சில இசைத் துணுக்குகளுக்கு அப்படி ஒரு ராசி. 1959-இல் வெளியான ‘ஸ்லீப் வாக்’ அதில் ஒன்று. பாடல் வரி கிடையாது, பாடகர் கிடையாது. இரண்டரை நிமிடம்கூட ஓடாது. 1987-இல் வந்த ‘லா பாம்பா’ படத்தின் இறுதிக் காட்சியில் ஒலிப்பதும் இதுதான்.

ஸ்டீல் கிதார் கற்றுக்கொள்பவர்களில் பலர் என்றாவது ஒருநாள் இந்த இசையில் கை வைத்துப் பார்ப்பார்கள். கேட்க எளிமை, நான்கே நான்கு கார்ட். ‘ஒரு வாரத்தில் முடிச்சிடலாம்’ என்றுதான் தொடங்குவார்கள். முடியாது. அதற்குக் காரணம் கையின் வேகம் இல்லை. அசல் இசை பிறந்த கருவி ஒன்று, இன்று அவர்கள் முன்னால் இருக்கும் கருவி இன்னொன்று.

அந்த இசையை பெடல் ஸ்டீல் கிதாருக்கு எப்படிக் கொண்டுவருகிறார்கள்? படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், பெடல் ஸ்டீல் கிதார் என்றால் என்ன?

நாம் பார்த்துப் பழகிய கிதார் மடியில் நிமிர்ந்து இருக்கும், விரலால் கம்பியை அழுத்தி வாசிப்போம். ஸ்டீல் கிதாரில் அழுத்துகிற வேலையே இல்லை. கருவி படுக்கையாக இருக்கும். இடது கையில் கனமான ஓர் உருக்கு உருளை. அதைக் கம்பிகள் மேல் வைத்து நகர்த்தினால் ஸ்வரம் மாறும். வலது கையில் கட்டை விரலுக்கும் மற்ற இரண்டு விரல்களுக்கும் மீட்டுகோல்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய் தீவுகளில் உருவான பாணி இது. அதைப் பரப்பியவராக வரலாறு குறிப்பிடுவது ஜோசப் கெகுகு என்பவரை. 1915-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க ஹவாய் இசை மோகம் பிடித்துக்கொண்டது. 1930-களில் கருவிக்கு மின்சாரம் வந்தது.

சித்ரவீணை கச்சேரி பார்த்தவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதில்லை. கம்பி மேல் ஒரு கட்டையை வழுக்கி, ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கும் இடத்தையும் பாட வைப்பதுதான் அங்கும் நடக்கிறது.

ஆனால் ஹவாய் பாணியில் ஒரு சிக்கல் உண்டு. உருளை நேர்க்கோடு. அதை நகர்த்தினால் எல்லாக் கம்பியும் ஒரே அளவு ஏறும், ஒரே அளவு இறங்கும். மேஜர் கார்டில் சுருதி கூட்டிய கருவி எங்கே போனாலும் மேஜர்தான் தரும். மைனர் வேண்டுமா? உருளையைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் வேறு சுருதி கூட்டிய இன்னொரு கழுத்துக்குத் தாவ வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்தில் இரண்டு கழுத்து, மூன்று கழுத்து ஸ்டீல் கிதார்கள் செய்தார்கள்.

பெடல் வந்தது இதற்குத் தீர்வாகத்தான். காலால் மிதித்தால், கருவிக்கு அடியில் இருக்கும் கம்பித்தண்டு இழுபட்டு, குறிப்பிட்ட ஒன்றிரண்டு கம்பிகள் மட்டும் இறுகும். மற்றவை அப்படியே நிற்கும். 1954-இல் வெப் பியர்ஸ் பாடி வெளியான ‘ஸ்லோலி’ என்ற பாட்டில் பட் ஐசக்ஸ் இதைச் செய்து காட்டினார். ஒலித்துக்கொண்டிருக்கும் கார்டுக்குள்ளேயே ஒரு ஸ்வரம் மட்டும் வளைந்து ஏறியது. கேட்ட ஸ்டீல் கலைஞர்கள் பலர், ‘இது எப்படி?’ என்று தங்கள் கருவியைப் பிரித்து பெடல் மாட்ட ஆரம்பித்தார்கள்.

அண்ணன், தம்பி, ஒரு நம்பர் ஒன்

‘ஸ்லீப் வாக்’ நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த சாண்டோ ஃபரினா, ஜானி ஃபரினா என்ற சகோதரர்களின் படைப்பு. இத்தாலிய வம்சாவளிக் குடும்பம். அப்பா ராணுவப் பணியில் ஒக்லஹோமாவில் இருந்தபோது ரேடியோவில் ஸ்டீல் கிதார் கேட்டு மயங்கி, ‘நம்ம பசங்க இதைக் கத்துக்கணும்’ என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினார் என்பது அந்தக் குடும்பத்தின் கதை.

அண்ணன் சாண்டோ ஸ்டீல் வாசித்தார். தம்பி ஜானி சாதாரண எலெக்ட்ரிக் கிதாரில் துணைக்கு கார்ட் வாசித்தார். 1959 செப்டம்பரில் இந்த இசை பில்போர்டின் ‘ஹாட் 100’ பட்டியலில் முதலிடம் பிடித்தது. இரண்டு வாரம் அங்கேயே இருந்தது. பிறகு பல கிதார் கலைஞர்கள் தங்கள் பாணியில் வாசித்தார்கள். பிரையன் செட்சர் வாசித்த வடிவம் கிராமி விருதும் வாங்கியது.

கவனிக்க வேண்டிய விஷயம்: சாண்டோ வாசித்தது ஃபெண்டர் நிறுவனத்தின் ‘ஸ்ட்ரிங்மாஸ்டர்’. மூன்று கழுத்து, கழுத்துக்கு எட்டு கம்பி. பெடல் கிடையவே கிடையாது. ‘ஸ்லோலி’ வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தும், இந்த இசையின் ஒவ்வொரு வழுக்கலும் உருளையில் இருந்து வந்ததுதான்.

படி 1: காதால் பிரித்தெடுப்பது

பலர் முதலில் செய்யும் தப்பு, மெட்டைத் தேடிக் கம்பியில் கை வைப்பது. அனுபவசாலிகள் முதலில் கருவியைத் தொடவே மாட்டார்கள். பதிவை ஓடவிட்டு பேஸை மட்டும் கேட்பார்கள். கார்ட் எங்கே மாறுகிறது என்பதை பேஸ் சொல்லிவிடும்.

அப்படிக் கேட்டால் கிடைப்பது இந்த நான்கு: சி மேஜர், ஏ மைனர், எஃப் மைனர், ஜி. திரும்பத் திரும்ப இதே வட்டம். தாளம் ஒவ்வொரு தட்டையும் மூன்றாகப் பிரிக்கும். நம் ஊர் கணக்கில் திஸ்ர நடை. நடுவில் வரும் பகுதி மட்டும் எஃப் மேஜரில் தொடங்கி, எஃப் மைனருக்கு மங்கி, சி-க்குத் திரும்பும்.

1950-களில் சி, ஏ மைனர், எஃப், ஜி என்ற வட்டத்தில் எண்ணிலடங்காத பாட்டுகள் வந்தன. இங்கே மாறியிருப்பது ஒரே ஒரு ஸ்வரம். எஃப் மேஜர் வர வேண்டிய இடத்தில் எஃப் மைனர். சி-யை சட்ஜமமாக வைத்துக்கொண்டால், ஏ மைனரில் இருக்கும் சதுஸ்ருதி தைவதம் அடுத்த கார்டில் சுத்த தைவதமாக இறங்குகிறது. இந்த இசையைக் கேட்கும்போது நெஞ்சில் ஏதோ ஒன்று நழுவுகிற மாதிரி இருக்கிறதே, அது பெரும்பாலும் இந்த அரை ஸ்வர இறக்கம்தான்.

ஆகவே வாசிப்பவர் எதை விட்டாலும் இதை மட்டும் விடக் கூடாது.

படி 2: எந்த ஃபிரெட், எந்த பெடல்?

இன்று பரவலாக இருக்கும் பெடல் ஸ்டீலில் பத்து கம்பி. ‘இ நைன்த்’ என்ற சுருதி. இதில் 8, 6, 5 ஆகிய மூன்று கம்பிகளும் இ, ஜி ஷார்ப், பி. சேர்த்து மீட்டினால் இ மேஜர் கார்ட்.

பெடல்களுக்கு ஏ, பி, சி என்றுதான் பெயர். ஸ்வரங்களுக்கும் அதே பெயர் இருப்பதால் குழப்பம் வேண்டாம். இங்கே முதல் பெடல், இரண்டாம் பெடல் என்றே வைத்துக்கொள்வோம். முதல் பெடல் பி கம்பியை ஒரு முழு ஸ்வரம் ஏற்றும். இரண்டாம் பெடல் ஜி ஷார்ப் கம்பியை அரை ஸ்வரம் ஏற்றும். இது போக முழங்காலால் தள்ளும் லிவர்கள் உண்டு. ஒரு லிவர் இ கம்பியை அரை ஸ்வரம் ஏற்றும், இன்னொன்று அரை ஸ்வரம் இறக்கும்.

இப்போது கணக்கு. உருளையை 8-ஆம் ஃபிரெட்டில் வைத்தால் இ மேஜர் எட்டு அரை ஸ்வரம் ஏறி, சி மேஜர் ஆகிவிடும். அங்கிருந்து:

* சி மேஜர்: 8-ஆம் ஃபிரெட், பெடல் வேண்டாம்.
* ஏ மைனர்: அதே 8-ஆம் ஃபிரெட், முதல் பெடல் மட்டும். உருளை அசையவே இல்லை.
* எஃப் மைனர்: 9-ஆம் ஃபிரெட், பெடலை விட்டுவிட்டு, இ கம்பியை இறக்கும் லிவர்.
* ஜி மேஜர்: 10-ஆம் ஃபிரெட், முதல் பெடலும் இரண்டாம் பெடலும் சேர்த்து.
* மறுபடியும் சி மேஜர்: 11-ஆம் ஃபிரெட், முதல் பெடலோடு இ கம்பியை ஏற்றும் லிவர்.

எட்டு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. படிக்கட்டு ஏறுகிற மாதிரி இருக்கிறதா? கிதார் முழுக்கத் தாவ வேண்டும் என்று நினைத்த இசை, கையகலத்துக்குள் அடங்கிவிடுகிறது.

அந்த எஃப் மைனர் புதிர்

பட்டியலின் மூன்றாவது வரியை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. பெடல் ஸ்டீலின் மொத்த சூட்சுமமும் அங்கே இருக்கிறது.

8-ஆம் ஃபிரெட்டில் ஏ மைனர் வாசிக்கும்போது மூன்று கம்பிகளில் ஒலிப்பது சி, இ, ஏ. அடுத்து வேண்டியது சி, எஃப், ஏ ஃபிளாட். உருளை ஒரு ஃபிரெட் மேலே போகிறது. அதே நேரத்தில் லிவர், இ கம்பியை அரை ஸ்வரம் இறக்குகிறது. ஏறியதும் இறங்கியதும் சமமாகிவிட, அந்தக் கம்பியில் சி அப்படியே நிற்கிறது. நடுக் கம்பி உருளையோடு ஏறி எஃப் ஆகிறது. மூன்றாவது கம்பியில் பெடலை விட்டதால் ஒரு முழு ஸ்வரம் தளர்கிறது, உருளையால் அரை ஸ்வரம் ஏறுகிறது. மிச்சம் அரை ஸ்வர இறக்கம், அதாவது ஏ ஃபிளாட்.

கை மேலே போகிறது. காதில் ஒரு ஸ்வரம் நிற்கிறது, ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. பெடல் இல்லாத ஸ்டீலில் நேராக வைத்த உருளையால் இதைச் செய்யவே முடியாது.

நடுப்பகுதியில் இது இன்னும் நுணுக்கம். 8-ஆம் ஃபிரெட்டில் இரண்டு பெடலையும் மிதித்தால் எஃப் மேஜர். அங்கிருந்து 9-க்குப் போய், பெடல்களை விட்டு, லிவரைத் தள்ளினால் எஃப் மைனர். கணக்குப் போட்டுப் பார்த்தால் சி மாறவில்லை, எஃப் மாறவில்லை. ஏ மட்டும் ஏ ஃபிளாட் ஆகிறது. ஒரே ஒரு ஸ்வரத்தை அரைப்படி இறக்க, கை, பாதம், முழங்கால் மூன்றும் ஒரே நொடியில் வேலை செய்ய வேண்டும். ஒன்று பிந்தினாலும் நடுவில் ஒரு கொழகொழப்பு கேட்கும். கற்பவர்கள் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

மாற்று வழி உண்டா? உண்டு. 8-ஆம் ஃபிரெட்டிலேயே இருந்து முதல் பெடலைப் பாதி மட்டும் தளர்த்தலாம். பாதி என்றால் எவ்வளவு என்பதைப் பாதம்தான் சொல்ல வேண்டும். பி கம்பியை இறக்கும் தனி லிவர் இருக்கிற கருவியில், அதை முதல் பெடலோடு சேர்த்துப் பிடித்தும் அதே ஸ்வரத்தைக் கொண்டுவரலாம். 4-ஆம் ஃபிரெட்டில் முதல் பெடலோடும் எஃப் மைனர் கிடைக்கும். ஒரே கார்டுக்கு இத்தனை வாசல். எது சரி என்பதை, அதற்கு முன்னும் பின்னும் வருகிற ஸ்வரம் முடிவு செய்யும்.

படி 3: வழுக்குவதா, மிதிப்பதா?

கார்ட் கிடைத்தாச்சு. மெட்டும் பிடிபட்டாச்சு. பதிவோடு சேர்த்து வாசித்தால் ஸ்வரம் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனாலும் ‘அது மாதிரி இல்லையே’ என்று தோன்றும். ஏன்?

பெடலில் ஏறும் ஸ்வரத்துக்கும் உருளையில் ஏறும் ஸ்வரத்துக்கும் குரல் வேறு. பெடல் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருந்து கிளம்பி, ஒரு குறிப்பிட்ட இடத்தில் ‘டக்’கென்று நின்றுவிடும். எங்கே நிற்க வேண்டும் என்பதைத் திருகாணி முன்பே முடிவு செய்துவிட்டது. உருளைக்கு அப்படி எல்லை கிடையாது. கொஞ்சம் கீழே இருந்து வரலாம், ரொம்பக் கீழே இருந்தும் வரலாம், ஸ்வரத்தைத் தொடும்போதே அசைவு கொடுக்கலாம். சாண்டோவின் வாசிப்பு மனிதக் குரல் மாதிரி இருப்பதற்குக் காரணம் இந்தச் சுதந்திரம்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் வேலையைப் பிரித்துவிடுகிறார்கள். மெட்டை உருளைதான் பாட வேண்டும். பெடலும் லிவரும் பின்னால் இருந்து கார்டை மாற்றிக் கொடுத்தால் போதும். மெட்டுக்கு நடுவே பெடல் வளைவு அதிகமானால் ஹவாய் நிலா வெளிச்சம் போய், நாஷ்வில் கன்ட்ரி பாட்டு வந்து உட்கார்ந்துவிடும். அது தப்பில்லை. ஆனால் அது ‘ஸ்லீப் வாக்’ இல்லை.

இன்னொரு விஷயமும் இங்கே உதவும். அசலில் கார்டை முழுதாக வாசிப்பது தம்பி ஜானியின் கிதார். அண்ணன் ஒற்றை ஸ்வரமோ, இரண்டு மூன்று ஸ்வரமோ மட்டும் வாசித்தால் போதும். பத்து கம்பி இருக்கிறதே என்று எல்லாவற்றையும் மீட்டினால் இசையில் காற்றோட்டம் போய்விடும். எஃப் மைனரைச் சொல்ல ஏ ஃபிளாட்டும் சி-யும் போதும், மிச்சத்தை பேஸ் பார்த்துக்கொள்ளும்.

சிலர் இ நைன்த்தை விட்டுவிட்டு ‘சி சிக்ஸ்த்’ சுருதிக்கே போய்விடுகிறார்கள். அதில் சி, இ, ஜி, ஏ நான்கும் அடுத்தடுத்து இருப்பதால் சி மேஜரும் ஏ மைனரும் ஒரே ஃபிரெட்டில், பெடல் இல்லாமலேயே கிடைக்கும். அந்தக் கால மணமும் கூடவே வரும். ஆனால் எஃப் மைனருக்கு அங்கேயும் தனியாக மெனக்கெடத்தான் வேண்டும்.

படி 4: கேட்கக் கூடாததைக் கேட்காமல் செய்வது

மீட்டிய கம்பி ரொம்ப நேரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். பழைய ஸ்வரத்தை நிறுத்தாமல் புது ஸ்வரத்துக்குப் போனால் எல்லாம் கலந்து சேறாகிவிடும். அதனால் உள்ளங்கை ஓரத்தாலோ மீட்டுகோல் மாட்டிய விரலாலோ முந்தைய கம்பியை அமர்த்த வேண்டும். மெதுவான பாட்டு என்பதால் இது சுலபம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வேகமான பாட்டில் அழுக்கு ஒளிந்துகொள்ளும், மெதுவான பாட்டில் தெருவுக்கே கேட்கும்.

வலது பாதம் ஒலி அளவு பெடலில் இருக்கும். மீட்டிய ஒலி மங்க மங்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து ஸ்வரத்தை நிறுத்தி வைப்பதற்காக. சாண்டோ மாதிரி நீண்ட மூச்சு வேண்டுமென்றால் இது இல்லாமல் ஆகாது.

அடுத்தது சுருதி சுத்தம். இங்கே ஃபிரெட் என்பது வெறும் கோடு, கை வைக்க மேடு கிடையாது. உருளை சரியாகக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். சாய்ந்த கோணத்தில் பார்த்தால் கண்ணே ஏமாற்றும். கண்ணை நம்புவதைவிடக் காதை நம்புவதே வழக்கம். சுருதி கூட்டும் மீட்டரை அப்படியே நம்பினாலும் மேஜர் கார்டின் மூன்றாவது ஸ்வரம் கொஞ்சம் உறுத்தும். சம இடைவெளிச் சுருதியில் அது இயற்கையான இடத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் தூக்கலாக இருக்கும். ஓர் அரை ஸ்வரம் 100 சென்ட். பல ஸ்டீல் கலைஞர்கள் ஜி ஷார்ப் கம்பிகளைக் கொஞ்சம் தாழ்த்திக் கூட்டிக்கொள்வது இதனால்தான். தம்பூராவோடு பாடிப் பழகியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

இவ்வளவு பாடு எதற்கு?

கணினியில் நான்கு கார்டைத் தட்டி, வழுக்கல் சத்தத்தைச் சேர்த்தால் பத்து நிமிடத்தில் ஏறக்குறைய இதே மாதிரி ஒன்றைச் செய்துவிடலாம். பின்னணிக்கு அது போதும்.

ஆனால் காதால் கேட்டுக் கண்டுபிடிப்பவருக்குக் கிடைப்பது வேறு. அவர் ஒரு இசையை மட்டும் கற்றுக்கொள்வதில்லை. 1950-களின் கலைஞர்கள் எதை வைத்துக்கொண்டு எதைச் செய்தார்கள், எது இல்லாமல் எதைச் சாதித்தார்கள் என்பது அவருக்குப் புரிகிறது. பெடல் பல கதவுகளைத் திறந்தது. கூடவே, உருளையை மட்டும் நம்பி வாசித்த ஒரு பழக்கத்தை ஓரம் தள்ளவும் செய்தது. ‘ஸ்லீப் வாக்’கை பெடல் ஸ்டீலில் முயற்சி செய்பவர் அந்த இரண்டையும் ஒரே இசைக்குள் சமாதானம் செய்துவைக்கப் பார்க்கிறார்.

ஆரம்பிக்க ஆசையா? முதல் நாள் கருவியே வேண்டாம். பதிவைப் போட்டு, பேஸை மட்டும் கேட்டு, கார்ட் மாறும் இடத்தில் கை தட்டிப் பாருங்க. இரண்டாவது மாற்றத்தில் நெஞ்சு லேசாக நழுவும். ஏ, ஏ ஃபிளாட் ஆகிற இடம் அது. அது காதில் விழுந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. மீதிப் பாதிக்குத்தான் கை, பாதம், முழங்கால் எல்லாம் வேணும்.